மண்ணுக்குள் போன ஒட்டு: பூ நின்றுபோன ஒரு கிராப் ஆப்பிள் மரம்

அக்கா வீட்டுப் பின்பக்கத் தோட்டம் 6 மீட்டர் அகலம், 9 மீட்டர் நீளம். ஒரே ஒரு மரத்துக்குத்தான் அங்கே இடம். அந்த இடத்தை அவள் ஒரு கிராப் ஆப்பிளுக்குக் கொடுத்தாள். வசந்தத்தில் இலை தெரியாமல் பூ, இலையுதிர் காலத்தில் கிளை நிறைய ஆரஞ்சும் சிவப்புமாகச் சின்னப் பழங்கள். ஒரே மரம்தான் வைக்க முடியும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல மரம் எனக்குத் தெரியாது.

ஆனால் நட்ட ஏழாம் வசந்தத்தில் அதில் நான் எண்ணிய பூங்கொத்துகள் மொத்தம் ஒன்பது. உயரமோ 4.6 மீட்டர். மாடி ஜன்னல் பாதி மறைந்துவிட்டது. "வெட்டிடலாம்னு அத்தான் சொல்றார். எனக்கு மனசு வரல. நீ ஒரு தடவை வந்து பார்த்துட்டுச் சொல்லுடா" என்று அக்கா கூப்பிட்டாள். அன்றிலிருந்து நான்கு வருடம் அந்த மரத்தைப் பின்தொடர்ந்து குறித்து வைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மரமும் அதன் முதல் ஏழு வருடமும்

கிராப் ஆப்பிள் என்பது ஒரே ஒரு இனத்தின் பெயர் இல்லை. ஆப்பிள் சேர்ந்திருக்கும் அதே மாலஸ் பேரினத்தில், பழம் 5 சென்டிமீட்டருக்கு மேல் பெருக்காத மரங்களை எல்லாம் பொதுவாக அப்படிச் சொல்கிறார்கள். குளிர்நாட்டு மரம். பனிக்காலத்தில் பல நூறு மணி நேரம் குளிர் கிடைத்தால்தான் மொட்டுகள் ஒழுங்காகக் கண்விழிக்கும். அக்கா வாங்கியது 'ஜான் டௌனி'. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான பழைய ரகம். இளஞ்சிவப்பு மொட்டு, வெள்ளைப் பூ, நீள்வாக்கில் கூம்பிய பழம். நிமிர்ந்து வளரும் சுபாவம். விட்டால் பெரிய மரமாகிவிடும்.

அதைத் தெரிந்தே, சின்ன இடத்துக்கு ஏற்றபடி எம்.26 வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றாகப் பார்த்து வாங்கியிருந்தாள். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே இதில்தான் இருக்கிறது. கடையில் வாங்கும் கிராப் ஆப்பிள் கன்று பெரும்பாலும் இரண்டு செடிகள் சேர்ந்த ஒன்று. மேலே பூவும் பழமும் தரும் ரகம். கீழே வேருக்காக வளர்த்த வேறொரு ஆப்பிள், அதுதான் வேர்ச்செடி. மரம் எவ்வளவு உயரம் போகும், எத்தனை வருடத்தில் பூக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது கீழே இருப்பதுதான். எம்.27, எம்.9, எம்.26 என்று பெயர் பலகையில் இருக்கும் எண்கள் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்தவை. எண் கூடினால் மரமும் பெரிது என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. எம்.27 தான் இவற்றில் மிகக் குட்டை, 2 மீட்டருக்குள் நின்றுவிடும். எம்.9 அதற்கு அடுத்தது. எம்.26 ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்றரை மீட்டர். எம்.எம்.106 இன்னும் ஒரு மீட்டர் கூட. எம்.25 ஆளை விழுங்கும் பெரிய மரம். ரகம் வீரியமாக இருந்தால் இந்த அளவுகள் சற்றுக் கூடும்.

ஆக, அக்காவின் மரம் மூன்றரை மீட்டர், கூடிப்போனால் நாலு மீட்டரில் நிதானத்துக்கு வந்திருக்க வேண்டும். முதல் மூன்று வசந்தமும் அப்படித்தான் இருந்தது. அவள் எடுத்த படங்களைக் காட்டினாள். மூன்றாம் வருடப் படத்தில் மரம் ஓர் ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டி, ஒவ்வொரு கிளையிலும் பூவாக நின்றது. நான்காம் வருடம் பூ கொஞ்சம் குறைவு, யாரும் கவனிக்கவில்லை. ஐந்தாம் வருடம் கிளைகள் ஈட்டி மாதிரி நேராக மேலே போக ஆரம்பித்தன. அந்தப் பனிக்காலத்தில் ஆள் வைத்து மேலே பாதியை வெட்டிவிட்டார்கள். ஆறாம் வருடம் வெட்டிய ஒவ்வொரு இடத்திலிருந்தும் நாலைந்து போத்துகள் கிளம்பி, போன உயரத்தையும் தாண்டிவிட்டன. மறுபடியும் வெட்டு. ஏழாம் வருடம் ஒன்பது கொத்து.

முதல் நாள் நான் பார்த்தது

மரம் நோயாளி மாதிரி இல்லை. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. இலைகள் கரும்பச்சை, அகலம், பளபளப்பு. பட்டையில் வெடிப்போ ஒழுக்கோ இல்லை. போன வருடம் வளர்ந்த நுனிக்கிளைகளை டேப் வைத்து அளந்தேன். பத்துக் கிளையின் சராசரி 1.1 மீட்டர். இந்த வயதில், குட்டை வேர்ச்செடியில் இருக்கும் ஒரு மரத்துக்கு வருடம் 20, 30 சென்டிமீட்டர் போதும். தேவைக்கு நான்கு மடங்கு சக்தி எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

பூக்காத ஆப்பிள் இன மரத்தைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வரிசையாக ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்தேன்.

"பக்கத்துல வேற ஆப்பிள் மரம் இல்லாததால இருக்குமோ?" என்று அத்தான் கேட்டார். ஆப்பிள் இனத்தில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தால் நன்றாகக் காய்க்காது என்பது சரி. ஆனால் அது காய் பிடிப்பதைப் பற்றிய விஷயம். மகரந்தம் கிடைக்காத மரத்திலும் பூ வரும், கொட்டிப்போகும், அவ்வளவுதான். இங்கே பூவே இல்லை. அதனால் இந்தக் காரணம் அப்போதே விழுந்தது.

வெயில்? தென்பக்கம் திறந்த இடம். ஆறு மணி நேரத்துக்கு மேலேயே விழுகிறது. மூன்றாம் வருடத்துக்கும் ஏழாம் வருடத்துக்கும் நடுவில் புதிதாக நிழல் எதுவும் வரவில்லை. குளிர் போதாமை? முதல் மூன்று வருடம் அதே தட்பவெப்பத்தில்தானே பூத்தது. பின்பனி மொட்டைக் கருக்கிவிட்டதா? கருகியிருந்தால் பழுப்பேறிய மொட்டு கிளையில் நிற்கும், பூவை அறுத்துப் பார்த்தால் நடுவில் சூலகம் கறுத்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. பறவைகள் மொட்டைக் கொத்தித் தின்றிருந்தால் கிளை நடுவில் மொட்டையாகத் தெரியும். அதுவும் இல்லை.

உரம் கொஞ்சம் சந்தேகத்துக்கு உரியதாக இருந்தது. மரத்தடி வரை புல்தரை. வசந்தம்தோறும் புல்லுக்குத் தழைச்சத்து உரம் போடுகிறார்கள். மரத்தின் வேர் அதில் பங்கு கேட்காமல் இருக்காது. தழைச்சத்து மிஞ்சினால் இலையும் கிளையும்தான் வரும். கவாத்தும் தன் பங்குக்குக் கெடுத்திருந்தது. பனிக்காலத்தில் மரம் தன் சேமிப்பை எல்லாம் வேரிலும் அடிமரத்திலும் வைத்திருக்கும். மேலே பாதியை எடுத்துவிட்டால் அத்தனை சேமிப்பும் மிச்சமிருக்கும் கொஞ்ச மொட்டுகளுக்கே போகிறது. அதனால்தான் வெட்ட வெட்ட ஈட்டி ஈட்டியாகப் போத்து. போதாததற்கு, பூக்க வேண்டிய குறுங்கிளைகளும் வெட்டோடு போய்விட்டன.

ஆனால் உரமும் கவாத்தும் எரிகிற நெருப்பில் ஊற்றிய எண்ணெய். கவாத்துக்கு முன்பே, ஐந்தாம் வருடக் கோடையிலேயே மரம் கட்டு மீறிவிட்டதே! புல்லுக்கு உரம் முதல் வருடத்திலிருந்தே போடுகிறார்கள். மூன்றாம் வருடத்துக்கும் ஐந்தாம் வருடத்துக்கும் நடுவில் என்ன மாறியது? இதைத்தான் அக்காவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"ஒண்ணும் மாறலடா. இந்தப் பூப்பாத்தி கட்டினது மட்டும்தான்."

மரத்தைச் சுற்றி ஒரு வட்டப் பூப்பாத்தி இருந்தது. செங்கல் விளிம்பு, உள்ளே நல்ல கறுப்பு மண், மேலே மரத்தூள் மூடாக்கு. மூன்றாம் வருட இலையுதிர் காலத்தில் கட்டியது. அடிமரத்தைப் பார்த்தேன். தந்திக்கம்பத்தைப் புதைத்த மாதிரி, ஒரே பருமனாக நேராக மண்ணுக்குள் இறங்கியது. நல்ல மரத்தின் அடி அப்படி இருக்காது. வேர் பிரியும் இடத்தில் அகன்று, பாதம் மாதிரி தரையில் ஊன்றி நிற்கும். ஒட்டுக்கட்டிய முழி, அதாவது இரண்டு செடியும் சேர்ந்த இடத்தில் இருக்கும் புடைப்பு, எங்கும் தெரியவில்லை.

தோண்டிப் பார்த்தது

களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தேன். மூடாக்கே 7 சென்டிமீட்டர் இருந்தது, அடிமரத்தை ஒட்டிக் குவிந்து. அதன் கீழே பாத்தி மண். பட்டையில் கொத்து படாமல் இருக்க, பாதி வேலைக்கு மேல் விரலால்தான் கிளறினேன். 6 சென்டிமீட்டர் ஆழத்திலேயே ஒரு வேர் கையில் தட்டியது. சுண்டுவிரல் பருமன், மண்ணில் கிடைமட்டமாக ஓடியது. அது அடிமரத்திலிருந்தே நேராகக் கிளம்பியிருந்தது. இன்னும் கீழே போனேன். 11 சென்டிமீட்டரில் கட்டைவிரல் பருமனில் ஒன்று. எதிர்ப்பக்கம் இன்னும் இரண்டு. 17 சென்டிமீட்டரில்தான் அந்தப் புடைப்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. ஒரு பக்கம் தூக்கலாக, முழங்கை மடங்கின மாதிரி.

வேர்கள் எல்லாம் புடைப்புக்கு மேலே. அதாவது எம்.26-இலிருந்து வந்தவை அல்ல, மேலே ஒட்டிய ஜான் டௌனியின் சொந்த வேர்கள். ஈரமண் தொடர்ந்து பட்டையில் பட்டுக்கொண்டிருந்ததால் மேல்ரகம் தானாகவே வேர்விட்டு, கீழே இருந்த குட்டை வேர்ச்செடியைத் தாண்டி நேரடியாக நீரும் சத்தும் இழுக்க ஆரம்பித்துவிட்டது. கட்டுப்படுத்த வேண்டிய வேரைக் கேட்காமலேயே மரம் தன் இயற்கையான உருவத்துக்கு வளரப் போய்விட்டது. பூ குறைந்ததும் இதனால்தான். குட்டை வேர்ச்செடி மரத்தைச் சின்னதாக வைப்பதோடு, சீக்கிரம் பூக்கவும் வைக்கிறது. அந்தப் பிடி போனதும் அந்த வேகமும் போனது.

எப்படிப் புதைந்தது என்பதையும் அக்காவோடு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். நட்ட நாளில் குழியை ஆழமாக வெட்டி, அடியில் மக்கின எருவை நிரப்பி, அதன் மேல் கன்றை வைத்திருக்கிறார்கள். எரு மக்கி அமுங்க அமுங்க மரமும் 5, 6 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. ஒட்டு அப்போதே தரையோடு தரையாக வந்திருக்கும். அதன் மேல் பாத்தி மண் 10 சென்டிமீட்டர். அதன் மேல் வருடா வருடம் மூடாக்கு. ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் செய்தது. அக்காவின் முகம் வாடிப்போனது. எனக்கும் அதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது.

"அப்போ மரம் போச்சா?"

"போகலக்கா. கீழ இருக்கிற வேர் உயிரோட இருக்கான்னு மட்டும் பார்க்கணும்."

இதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த பெரிய பயம். மேல்வேர்கள் தடித்துவிட்டால் கீழ்வேர்ச்செடி பட்டினியில் மெலிந்து செத்தே போகலாம். புதைந்த பட்டையில் அழுகலும் வரலாம். அப்படி ஆகியிருந்தால் மேல்வேரை வெட்டுவது மரத்தைக் கொல்வதற்குச் சமம். புடைப்புக்குக் கீழே இன்னும் ஒரு சாண் தோண்டி, எம்.26-இன் வேர் ஒன்றைத் தேடிப் பிடித்து நகத்தால் சுரண்டினேன். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது. வேறு இரண்டு இடத்திலும் பார்த்தேன். உயிர் இருந்தது. புதைந்திருந்த பட்டை நிறம் மங்கியிருந்தாலும் அழுத்தினால் கெட்டியாக இருந்தது. சரி, காப்பாற்றிவிடலாம்.

செய்த வேலை

பாத்தியை அன்றே பிரித்தோம். அடிமரத்தைச் சுற்றி 40 சென்டிமீட்டர் தூரம் வரை மண்ணை வாரி, ஒட்டு வெளியே தெரியும்படி ஓர் அகலமான கிண்ணம் மாதிரி ஆக்கினோம். வேரை அப்போது வெட்டவில்லை. இலை முழுக்க இருக்கும் மரத்தில் வேரை வெட்டினால் தண்ணீர் போதாமல் கோடையில் தவித்துப்போகும். புல்லுக்கு உரம் போடுவதை மரத்திலிருந்து 3 மீட்டருக்கு அப்பால் என்று நிறுத்திக்கொண்டார்கள். மரத்துக்கென்று எந்த உரமும் இல்லை.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் இரண்டு வேலை. ஒன்று, பழைய வெட்டுகளில் புதிதாகக் கிளம்பிய போத்துகளை அவை பிஞ்சாக, ஒரு சாண் நீளத்தில் இருக்கும்போதே கையால் பிடித்து இழுத்துப் பிய்த்தோம். கத்தரியால் நறுக்கினால் அடியில் இருக்கும் மொட்டுகள் தங்கி, மறுபடியும் கொத்தாகக் கிளம்பும். பிஞ்சில் பிய்த்தால் அந்த மொட்டும் சேர்ந்து வந்துவிடும். இரண்டாவது, நேராக நின்ற போன வருடக் கிளைகளில் நல்ல இடத்தில் இருந்த பதினான்கைத் தேர்ந்தெடுத்து, பழைய துணிப்பட்டையால் கட்டி, கிடைமட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி வளைத்தோம். நிமிர்ந்த கிளை நுனியை நோக்கியே ஓடும். சாய்ந்த கிளையில் அந்த ஓட்டம் தணிந்து, நீளம் முழுக்க மொட்டுகள் விழித்து, பூக்கும் குறுங்கிளைகளாக மாறும். வளைக்கும்போது கிளை முறியுமோ என்று அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்று முறிந்தது. மற்றது எல்லாம் நின்றது.

இதைச் செய்ய ஒரு காலம் உண்டு. அடுத்த வசந்தத்தில் விரியப் போகும் பூமொட்டுக்கான அடித்தளம் இந்தக் கோடையிலேயே, பூ முடிந்து சில வாரங்களில் கிளைக்குள் போடப்பட்டுவிடுகிறது. அதனால் மரம் எப்போதும் போன வருடக் கணக்கைத்தான் இந்த வருடம் காட்டும். நீங்கள் இன்றைக்குச் செய்ததன் பலன் தெரிய ஒரு வருடம் காத்திருந்தே ஆக வேண்டும்.

இலை உதிர்ந்து மரம் உறக்கத்துக்குப் போனதும் வேர் வேலை. ஒட்டுக்கு மேலே மொத்தம் ஏழு வேர். முதல் பனிக்காலத்தில் மூன்றை மட்டும், அடிமரத்தை ஒட்டி, கவாத்து ரம்பத்தால் அறுத்தோம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்திருந்தால் மரம் நிற்கப் பிடிமானம் இல்லாமல் போயிருக்கும். எம்.26-இன் வேர் அப்படி ஒன்றும் கெட்டியாகப் பிடிக்காது. அதனால் இரண்டு பக்கமும் முளைக்கம்பு அடித்து, அகலமான ரப்பர் பட்டையால் தளர்வாகக் கட்டினோம். மீதி நான்கு வேரும் அடுத்த பனிக்காலத்தில்.

உயரத்தைக் குறைப்பதில் அவசரப்படவில்லை. நடுத்தண்டை மொட்டையாக வெட்டாமல், கீழே சாய்வாகப் போகும் ஒரு நல்ல பக்கக்கிளை வரை இறக்கி, அந்தக் கிளையே புது நுனியாகும்படி வெட்டினோம். வருடத்துக்கு ஒரு பெரிய வெட்டு, அதற்கு மேல் இல்லை. அத்தானுக்கு இதில்தான் பொறுமை போனது. ஜன்னல் மறைப்பு இரண்டு வருடம் தாண்டித்தான் தீர்ந்தது.

நான்கு வருடக் கணக்கு

எட்டாம் வசந்தம்: 14 கொத்து. ஒன்பதிலிருந்து பதினான்கு பெரிய முன்னேற்றம் இல்லைதான். ஆனால் அந்தப் பதினான்கில் பதினொன்று நாங்கள் வளைத்துக் கட்டிய கிளைகளில் வந்தவை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அந்த வருடம் நுனிக்கிளைகளின் சராசரி 62 சென்டிமீட்டர்.

ஒன்பதாம் வசந்தம், எல்லா மேல்வேரும் போன பிறகு: 58 கொத்து. நுனி வளர்ச்சி 35 சென்டிமீட்டர். அந்தக் கோடையில் கொஞ்சம் வாடல் தெரிந்தது. வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விட்டுச் சமாளித்தோம்.

பத்தாம் வசந்தத்தில் முந்நூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு கொத்திலும் ஐந்தாறு மொட்டு. நடுவில் இருப்பது முதலில் விரிந்து, சுற்றியிருப்பவை இன்னும் இளஞ்சிவப்பாகக் காத்திருந்த அந்த இரண்டு நாள் மரத்தைப் பார்க்க வேண்டும்! அக்கா ஒன்றும் பேசாமல் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து தேனீச் சத்தம். நுனி வளர்ச்சி 24 சென்டிமீட்டர், உயரம் 3.7 மீட்டர். மரம் தன் அளவுக்கு வந்துவிட்டது.

பதினோராம் வருடம் பூ சற்றுக் குறைந்தது. பயப்பட ஒன்றும் இல்லை. முந்தின வருடம் காய் அதிகம். காய்க்குள் இருக்கும் விதைகள் அடுத்த வருடப் பூமொட்டு உருவாவதைத் தடுக்கும். சில ரகங்களில் இது ஒரு வருடம் பூ, ஒரு வருடம் சும்மா என்றே பழகிவிடும். காய் அதிகம் பிடித்த வருடத்தில், பிஞ்சிலேயே பாதியை உதிர்த்துவிட்டால் அந்தப் பழக்கம் வராது.

நடுவில் ஒன்பதாம் வருடம் மழை அதிகம் என்பதால் ஸ்கேப் என்ற சொறி நோயும் வந்தது. இலையில் ஆலிவ் நிறப் புள்ளிகள், அப்புறம் கோடை முடியும் முன்பே உதிர்வு. ஜான் டௌனிக்கு இதை எதிர்க்கும் பலம் குறைவு. அது அந்த ரகத்தின் குறை, ஒட்டின் குறை இல்லை. இந்தப் பூஞ்சை உதிர்ந்த இலையில் பனிக்காலத்தைக் கழித்து, வசந்த மழையில் வித்துகளைப் புதுத்தளிர் மேல் வீசுகிறது. இலையை ஒன்று விடாமல் கூட்டி அப்புறப்படுத்தியதில் அடுத்த வருடம் பாதிக்குமேல் குறைந்தது. புதிதாக மரம் தேடுபவர்கள் 'எவரெஸ்ட்', 'அடிரான்டாக்' மாதிரி நோய் தாங்கும் ரகமாகப் பார்ப்பது நல்லது. ஆப்பிள் வளர்ப்பில் இந்த நோயை எதிர்க்கப் பல காலம் பயன்பட்ட மரபணு, மாலஸ் ஃப்ளோரிபண்டா என்ற ஒரு கிராப் ஆப்பிளிலிருந்துதான் வந்தது. அந்தக் குடும்பத்துக்குள்ளேயே மருந்தும் இருந்திருக்கிறது.

தீராத ஒன்று

மேல்வேர்களை அறுத்த இடத்தில் பட்டையில் சின்னச் சின்ன முண்டுகள் இன்னும் இருக்கின்றன. ஈரமண் பட்டால் அங்கிருந்து மறுபடி வேர் கிளம்பும். போன இலையுதிர் காலத்தில் நான் போனபோது கிண்ணத்துக்குள் காற்று கொண்டுவந்த இலையும் மழை கரைத்த மண்ணுமாக 4 சென்டிமீட்டர் சேர்ந்திருந்தது. அதற்குள் நூல் மாதிரி வெள்ளை வேர் இரண்டு எட்டிப் பார்த்தது. விரலால் கிள்ளி எடுத்துவிட்டு, மண்ணை வாரினோம். அக்கா அதன் பிறகு கிண்ணத்தின் விளிம்பில் பழைய பாத்திச் செங்கல்லையே வட்டமாக அடுக்கிவிட்டாள். முன்பு மண்ணை மரத்தோடு சேர்த்து வைத்த அதே செங்கல், இப்போது மண் உள்ளே சரியாமல் தடுத்து நிற்கிறது. மாதம் ஒரு தடவை குனிந்து, ஒட்டுப் புடைப்பு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் விடுகிறாள்.